மூன்று செபமாலைக்கு ஒரு கிலோ

மாக்கிறட் இரண்டு வருடமாக ஞாயிற்றுப் பூசை காணவில்லை. தலைமன்னார் நண்டுத் தொழிற்சாலைக்கு ஞாயிறும் நண்டு வரும். அவித்த நண்டைக் கிண்டிச் சதையெடுத்தால் கிலோவுக்கு நூற்றைம்பது ரூபா. ஞாயிறை விட்டால் மாதக் கடைசியில் அடுப்பு எரியாது. கிலோவுக்கு முப்பது ரூபா கூட்டித் தந்தால் ஞாயிறு அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

கேட்டுப் பார்க்காமலும் இல்லை. மனேஜர் ஜெகதீபன் கதிரையில் சாய்ந்துகொண்டு, "நீங்கள் மணிக்கு இருநூறு உழைக்கிறியள். வாற கிழமை தொழில் கந்தோரில இருந்து கூலிக் கணக்கெடுக்க வருவினம். மணிக்கு நூற்றைம்பதுக்குக் கீழ எண்டு அவை எழுதினால், மடுமாதா அறியக் கூட்டித் தாறன்" என்றான். மாதாவை இழுக்காமல் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

கணக்கெடுக்க வந்தவள் பஸ்னா, முசலிப் பக்கத்து முஸ்லிம் பெண். படிவத்தை விரித்து, "ஒரு கிலோ எடுக்க எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் சுத்தம் என்று சொல்லி வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். உள்ளே மணிக்கூடு கிடையாது. விடிந்ததிலிருந்து றோசம்மா செபமாலை சொல்லுவாள், மற்றவர்கள் கிண்டியபடியே மறுமொழி சொல்லுவார்கள். பொழுது அப்படித்தான் போகும்.

"மூண்டு செபமாலை, மிஸ்" என்றாள் மாக்கிறட்.

பஸ்னா படிவத்தைப் பார்த்தாள். அதில் அப்படியொரு கட்டம் இல்லை. "அப்ப ஒரு செபமாலைக்கு எவ்வளவு நேரம்?"

"அது சொல்லுற ஆளைப் பொறுத்தது."

"சரி, ஒண்டு சொல்லுங்கோ. நான் நேரம் பாக்கிறன்."

மாக்கிறட் மனதுக்குள் கணக்குப் போட்டாள். றோசம்மாவின் செபமாலை கொழும்பு எக்ஸ்பிரஸ் பஸ். செத்தவீடுகளில் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறாள், கால் மணித்தியாலத்தில் ஆமென் வந்துவிடும். மூன்றுக்கு முக்கால் மணித்தியாலம். அப்படியென்றால் மணிக்கு இருநூறேதான். பாழாய்ப்போன ஜெகதீபன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

"அக்கா, இண்டைக்குக் கொஞ்சம் ஆறுதலா, இழுத்துச் சொல்லுங்கோ" என்று றோசம்மாவின் காதுக்குள் கெஞ்சினாள்.

"மாதாவை வைச்சுக் கள்ளக்கணக்கோ? போடி விசரி!"

மாக்கிறட்டுக்கு அழுகை வந்தது. ஞாயிறு போச்சு என்று ஒரு நண்டுக்காலை முறித்தாள்.

ஆனால் றோசம்மாவுக்கும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. வேறு மதத்துப் பிள்ளையொன்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவக் அவக்கென்று செபித்து வேதத்தைச் சந்தி சிரிக்க வைப்பாளா? கையைக் கழுவினாள். தொப்பியைச் சரிசெய்தாள். செபமாலையில் வரும் ஒவ்வொரு தேவ இரகசியத்துக்கும் ஒரு சிறு பிரசங்கம் வைத்தாள். மாதா பிரார்த்தனையும் வந்தது. உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கான செபத்தையும் விடவில்லை. பஸ்னா மரியாதைக்கு எழுந்து நின்று கால் கடுத்துப்போனாள். முடிய ஐம்பது நிமிடம் ஆனது.

மூன்றால் பெருக்கிப் பார்த்தாள் பஸ்னா. "யா அல்லாஹ், மணிக்கு அறுபது ரூபாதானா?" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

படிவத்தைப் பார்த்த ஜெகதீபனின் முகம் அவித்த நண்டாயிற்று. ஆனாலும் அவன் வருடா வருடம் மடுத் திருவிழாவுக்குப் போகிறவன். மாதா பேரில் சொன்னதை எப்படி விழுங்குவான்? முப்பது ரூபா கூடியது. கூடவே சுவரில் ஒரு மணிக்கூடும், ஜெகதீபனின் கட்டளையொன்றும் வந்தன.

"இனி வேலை நேரத்தில செபமாலை இல்லை. அதாலதான் வேலை பிந்துது."

றோசம்மா சத்தத்தை நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்தது, பழைய எக்ஸ்பிரஸ் வேகத்தில். வரிசை முழுக்க உதடுகள் அசைந்தன, விரல்கள் கூடவே ஓடின.

"என்ன எல்லாரும் சப்புறியள்?" என்று கேட்டான் ஜெகதீபன்.

"ஒண்டுமில்லை சேர்."

அடுத்த ஞாயிறு மாக்கிறட் வேலைக்குப் போகவில்லை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலில் றோசம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். பூசைக்கு முன் செபமாலை தொடங்கியது, நல்ல ஆறுதலாக. சந்தோசத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. துடைக்கலாம் என்று சேலைத் தலைப்பைத் தேடியபோதுதான் குனிந்து பார்த்தாள். அவளுடைய விரல்கள் தலைப்பின் கரையைக் கிண்டி, நூல் நூலாக எடுத்து, மடியில் குவித்து வைத்திருந்தன.

றோசம்மாவின் மடியில் இன்னும் பெரிய குவியல் இருந்தது.