நாலு பேண்ட் செட்

காரில் ஏறி உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் வேலை, இருக்கையின் குறுக்கே கிடந்த மைக் வயரை எடுத்து ஒதுக்கியது. சுருள் சுருளான அந்தக் கறுப்பு வயர் எப்போதும் அவள் உடையில்தான் வந்து மாட்டும். வழக்கமாக அதற்கு நாலு வசவு விழும். இன்று வசவுக்கும் தெம்பில்லை. மைக்கைக் கைப்பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் செருகி, அதன்மேல் தன் கைப்பையை வைத்து அழுத்தினாள். முதியோர் இல்லத்தில் கொடுத்த வழவழப்பான விளக்கத்தாளை டேஷ்போர்டில் சாய்த்து வைத்தாள். அதில் ஒரு பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பார்த்த இடத்தில் செடி இருந்தது, தண்ணீர்க் குழாயும் இருந்தது, சிரித்தவரைத்தான் காணோம். அவள் புருஷன் வண்டியை எடுத்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்தான் அவனுக்கு வேலை என்பதால் வாழ்நாளில் பாதியைப் படியேறியே கழித்தவன். அந்தப் பிழைப்பில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே சாமான் காரில் இருந்த ரேடியோ. அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர்கள் வண்டியில் போகும்போது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிற செட். நாலு பேண்டில், அதாவது நாலு வகை அலைவரிசைகளில், வேலை செய்யும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வாங்கி மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அவன் இருக்கிற ஊரில் மூன்று பேண்டில் பேச ஆளே கிடையாது. மைக்கின் முகத்திலும் முதுகிலும் பொத்தான்கள்; தெரியாமல் கை பட்டால் போதும், செட் வேறு ஏதோ அலைவரிசைக்குத் தாவிவிடும். திரும்பக் கொண்டுவருவதற்குள் இரண்டு சிக்னல் தாண்டிவிடும். முகப்பை மட்டும் தனியாகக் கழற்றி டேஷ்போர்டில் ஒட்டிவிட்டு, உடம்பைச் சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தான். உடம்பில் ஒரு சின்ன விசிறி. பேசினாலும் இரையும், பேசாவிட்டாலும் இரையும். கோளாறு என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப் போனான். "இது இப்படித்தான் சார், பழகிடும்" என்றார் கடைக்காரர். பழகித்தான் போனது. வீட்டில் பழைய ஃபிரிட்ஜ் சத்தம் காதில் விழாததுபோல அதுவும் விழாமல் ஆனது.

மாமனாரை இதில் இழுத்துவிட்டது அவள் யோசனை. மாமியார் போன பிறகு மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அப்பாவுக்கும் அதைச் சொல்லிக்குடுங்களேன், பொழுதாவது போகும்" என்றாள். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். பரீட்சைக்கு உட்கார்ந்து, மாப்பிள்ளையைவிட நல்ல மதிப்பெண்ணில் தேறினார். அதை இரண்டு பேருமே மறக்கவில்லை. வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொள்ள விஷயம் கிடையாது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அதோடு சரி. ரேடியோவில் அவர் வேறு ஆள். கட்டில் பக்கத்தில் கைக்கு அடக்கமாக ஒரு செட், அதன் தலையிலிருந்து ஜன்னல் வழியாக மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு ஒரு கேபிள். காலையில் மாப்பிள்ளை வேலைக்குப் போகும் வழியில் கூப்பிடுவார். உரிமத்தோடு கிடைத்த தன் அழைப்புக் குறியைச் சொல்லி, வணக்கம் சொல்லி, அவன் சிக்னலுக்கு முதலில் மதிப்பெண் போடுவார். 'ஃபைவ் நைன்' என்றால் குரலும் தெளிவு, பலமும் முழுப் பலம். அதைச் சுலபத்தில் தந்துவிடமாட்டார். பாலத்துப் பக்கம் போனால் கறாராக 'ஃபைவ் செவன்'தான். பேச்சு முடிவில் 'ஓவர்' சொல்ல மறந்தால் அதையும் திருத்துவார். அந்த அலைவரிசையில் இவர்களைத் தவிர வேறு யாரும் வருவதில்லை.

ஒருமுறை, லிஃப்டில் மாட்டிக்கொண்ட வக்கீல் உள்ளேயிருந்தே தன்மேல் வழக்குப் போடுவதாக மிரட்டிய கதையை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். தொடர்ந்து மூன்று நிமிஷம் பேசினால் தானாகவே துண்டித்துவிடும் ஏற்பாடு ஒன்று செட்டில் உண்டு. அது கதையைப் பாதியில் வெட்டியது. "மாப்பிள்ளை, உங்க வாக்கியம் முடியல" என்றார் மாமனார். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே கையேட்டைப் புரட்டி அந்த ஏற்பாட்டை அணைத்துப் போட்டான்.

அதெல்லாம் அவர் குளியலறையில் விழுவதற்கு முன்னால். இடுப்பில் அறுவை நடந்து, வெளியூரில் படிக்கிற பேரனுடைய அறையில் படுத்தவர்தான்; காலை ரேடியோப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. பிடித்துத் தூக்கினால் உட்காருவார், தாங்கிக்கொண்டால் நாலு அடி வைப்பார். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அவரைத் தூக்குவாள். இப்போது அவளுக்கே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. சிநேகிதர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் இன்று இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

வண்டி கடைத்தெருவைத் தாண்டியது.

"அந்தப் பொறுப்பாளர் அம்மா நல்லாத்தான் பேசினாங்க" என்றாள்.

"பேசறதுக்குத்தானே அவங்களை வச்சிருக்காங்க."

"பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி போட்டிருக்காங்க. நம்ம வீட்டுல அதுகூட இல்ல."

"போடறேன்னு சொன்னேனே."

"விழுந்தப்புறம் சொன்னீங்க."

ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் சொந்த வீட்டுக் குளியலறையில் ஒரு கம்பி அடிக்கவில்லை. அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவனே தினமும் சொல்லிக்கொள்கிறான்.

"உன் அண்ணன் என்ன சொல்றாரு?"

"நீ பார்த்து எது செஞ்சாலும் சரிங்கறாரு."

"தங்கமான மனுஷன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா ராத்திரி இருமறாரு இல்ல? நான் படுத்தபடியே எண்ணிக்கிட்டிருப்பேன், இப்ப நிக்கும், இப்ப நிக்கும்னு. திடீர்னு நின்னுடும். உடனே பயம்தானே வரணும்? எனக்கு முதல்ல அப்பாடான்னு இருக்குங்க. அதுக்கப்புறம்தான் பயம் வருது, எழுந்து ஓடறேன். அந்த அப்பாடாவை என்னால தாங்க முடியல. நான் இப்படி ஆளே கிடையாது."

அவன் சிக்னலில் வண்டியை நிறுத்தினான். அவள் கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தான். கைப்பை நடுவில் இருந்தது. அவளுக்குத் துணையாகத் தானும் ஏதாவது மோசமாகச் சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"நான் மட்டும் என்ன ஒழுங்கு? சாயங்காலம் வந்து வாசல்ல வண்டியை நிறுத்திட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கேன், தெரியுமா? இன்னைக்கு அவரைத் தூக்கணுமேன்னு. காலையில ரேடியோல எவ்வளவு நல்லாப் பேசறாரு, கிண்டல் பண்றாரு. எனக்கு அந்த மாமா போதும். கட்டில்ல கிடக்கிற மாமாதான் முடியல."

"அங்க போனாலும் ரேடியோல பேசலாம்ல?"

"தாராளமா. சொல்லப்போனா இன்னும் நல்லாவே பேசிக்குவோம்."

பச்சை விழுந்தது. மனசில் கிடந்ததை வெளியே கொட்டிவிட்டதில் இரண்டு பேருக்குமே உடம்பு லேசானதுபோல இருந்தது. அடுத்த மாதம் சேர்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. அவரிடம் யார் சொல்வது என்பதில் கொஞ்சம் தள்ளுமுள்ளு நடந்தது, அதுவும் ஓய்ந்தது. அவள் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

வீட்டு வாசலில் நின்றதும் அவள் விழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் தூக்கினாள். அப்போது விளக்கத்தாளுக்குப் பின்னால், ரேடியோ முகப்பில், ஒரு சிவப்பு வெளிச்சம் அணைந்தது. மைக்கின் பக்கவாட்டுப் பொத்தான் அழுந்தி, இங்கே பேசுவது அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது மட்டுமே எரிகிற விளக்கு அது. அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெரியவருக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது. குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டான். செட் இஸ்திரிப் பெட்டி மாதிரிக் கொதித்தது. விசிறி உயிரைக் கொடுத்து இரைந்துகொண்டிருந்தது.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ, வந்துடறேன்."

அவள் போனாள். அவன் செட்டின் ஒலியைக் கூட்டிவிட்டு, ஏதாவது குரல் வருமா என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. இந்தப் பக்கம் பொத்தான் அழுந்திக் கிடக்கும்வரை அந்தப் பக்கம் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் இங்கே கேட்காது. மாப்பிள்ளை, மைக்கைப் பாருங்க என்று அவர் எத்தனை தடவை கூப்பிட்டாரோ. கூப்பிடாமலேயே கேட்டுக்கொண்டிருந்தாரோ. மூன்று நிமிஷத்தில் வெட்டியிருக்க வேண்டியதை வெட்டவிடாமல் செய்தது தன் ரோஷம்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உள்ளே போனான். மாமனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைச்செட் சார்ஜரில் இருட்டாக நின்றது. முழித்திருக்கும் நேரத்தில் அவர் அதை அணைத்து அவன் பார்த்ததில்லை.

"வந்துட்டீங்களா? சிநேகிதர் வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று மகளைக் கேட்டார்.

"நல்லா இருக்காங்கப்பா."

"செட் அணைஞ்சிருக்கே மாமா?" அவன் குரல் அவனுக்கே சரியாக இல்லை.

"மத்தியானமே பேட்டரி போயிடுச்சு மாப்பிள்ளை. சார்ஜ்ல போட்டுட்டு நானும் அப்படியே கண்ணசந்துட்டேன்."

நம்பிவிடலாம் என்றிருந்தது. நம்பினால் எல்லாருக்கும் நல்லது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறதா, பச்சை எரிகிறதா என்று எட்டிப் பார்க்க முடியும், அவன் பார்க்கவில்லை. அன்று சாப்பாட்டுத் தட்டை அவரே எடுத்துக்கொண்டார். கழிவறைக்குக் கூட்டிப்போக மகள் வந்தபோது, "நீ போய்ப் படும்மா, மாப்பிள்ளை ஒரு கை குடுத்தா போதும்" என்றார். தன் கனத்தையெல்லாம் அவன்மேல் போடாமல் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். வலித்திருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

காலையில் அவள் தலை வாரிக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "நேத்து ராத்திரி அப்பா இருமவே இல்லைங்க. அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கினேன்" என்றாள். டம்ளரில் காபியை ஊற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பறந்தாள்.

அவன் மாமனாருக்குக் காபி எடுத்துக்கொண்டு போனான். அவர் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. போர்வையின் ஒரு முனை நனைந்து சுருண்டு, வாய்ப் பக்கமாகக் கிடந்தது. அவர் அதைக் காலடிக்குத் தள்ளிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டார். அவனுக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. "கிளம்பறேன் மாமா" என்று மட்டும் சொன்னான்.

"போயிட்டு வாங்க. எதிர்வீட்டு அம்மா மத்தியானம் வந்து எட்டிப் பார்ப்பாங்க. கவலைப்படாதீங்க."

பாலத்தை நெருங்கும்போது செட்டில் அவர் குரல் வந்தது. அழைப்புக் குறி, வணக்கம், எல்லாம் வழக்கம்போல ஒழுங்காக. அவன் வணக்கம் சொன்னான். கேட்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தும் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. "சிக்னல் எப்படி இருக்கு மாமா? ஓவர்."

அந்தப் பக்கம் பொத்தான் அழுந்தியது, முதலில் இருமல் வந்தது. ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்த இருமல், அடி வயிற்றிலிருந்து, விட்டுவிட்டு நெடுநேரம் வந்தது. அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"மன்னிக்கணும்" என்றார். "இப்ப ஃபைவ் செவன் மாப்பிள்ளை, பாலத்துக்கிட்ட வந்துட்டீங்க போல. நேத்து சாயங்காலம் ஃபைவ் நைன். ரெண்டு குரலும்."

அவன் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"அவகிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. அவ சொன்னது எல்லாம் சரிதான், நீங்க சொன்னதும் சரிதான். நான் திருத்த ஒண்ணும் இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்த இடத்துல மொட்டைமாடியில ஆன்டெனா கட்ட விடுவாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. ஓவர்."

இனி அவன் பேச வேண்டிய முறை. கைப்பிரேக் சந்திலிருந்து நேற்றே எடுத்து ஒழுங்காகக் கொக்கியில் மாட்டியிருந்த மைக் இப்போது அவன் கையில் இருந்தது. பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. என்ன சொல்வது என்று வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. விரலை எடுக்கவும் மனசு வரவில்லை. எடுத்தால், பேச்சு முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். துண்டித்துவிட செட்டில் எதுவும் மிச்சம் இல்லை. சீட்டுக்கு அடியில் விசிறி இரைந்துகொண்டிருந்தது. அங்கே கட்டிலில் அவர் செட்டைக் காதோடு வைத்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.