மடி காலில் சேரும்

எங்கள் ஊரில் நாய் கடித்தால், கடிபட்ட உறுப்பு குணமாகும் வரை அதன் வேலையைக் கடித்த நாய்தான் செய்ய வேண்டும். கையைக் கடித்தால் கை வேலை, காலைக் கடித்தால் கால் வேலை. வெளியூர்களில் நஷ்டஈட்டைப் பணமாக வாங்கிக்கொள்கிறார்களாம். பணத்தைக் காலில் கட்டிக்கொண்டு நடக்கவா முடியும்?

என்னைக் கடித்தது ஜெபராஜ் சார் வீட்டு டைமண்ட். அவர் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுக்கிற புரோக்கர், பெயர் கோமதிநாயகம். அவர் வீட்டு மாடி போர்ஷனைக் காட்ட ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "காத்து பிச்சுக்கிட்டுப் போவும்" என்று சொல்லி முடிக்கவில்லை, வலது கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது. வந்த குடும்பம் வந்த வழியே போய்விட்டது. ஜெபராஜ் சார் நல்ல மனிதர். சோப்பும் வாளித் தண்ணீரும் கொண்டுவந்து கால் மணி நேரம் அவரே கழுவிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதும் கூடவே நின்றார்.

"டைமண்ட நாளைலேருந்து அனுப்பிருதேன் கோமதி. சட்டம்னா சட்டம்தான்" என்றார்.

மறுநாள் ஆட்டோ பிடித்து நாய்க்கடி நிவாரண அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்தராக இருப்பவர் தவசிக்கனி மேடம். கறாரான ஆள், சிரித்து யாரும் பார்த்ததில்லை. மனுவில் நாயின் பெயர், உரிமையாளர் பெயர், கடிபட்ட உறுப்பு எல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: 'மேற்படி உறுப்பு போகாமல் பாக்கி வைத்துள்ள இடங்கள்.' அதில் 'எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

மேடம் படித்துப் பார்த்துவிட்டு மேசை டிராயரிலிருந்து சின்ன ரப்பர் சுத்தியலை எடுத்தார்.

"அத நீங்க சொல்லக்கூடாது. காலு சொல்லணும்" என்று முட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். கால் தெற்கே உதைத்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தரம் தட்டினார். பக்கவாட்டில் வளைந்து, அப்போதும் தெற்கேதான் உதைத்தது.

"தெக்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல மேடம்."

மூன்றாவது தட்டில் குப்பைக்கூடை பறந்து போய்த் தெற்குச் சுவரில் மோதியது.

"எங்க அக்கா இருக்கா" என்றேன்.

"போயி எத்தன வருஷமாச்சு?"

"ஒம்பது."

அவர் 'எதுவும் இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'அக்கா வீடு, ஒன்பது வருடம்' என்று எழுதிக்கொண்டார்.

அக்கா பெயர் சண்முகவடிவு. ஊரின் தென்கோடியில் உப்பு மண்டித் தெருவில் இருக்கிறாள். அவள் மகள் ஆவுடைக்கு ஒரு வயதில் காது குத்து வைத்தார்கள். பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் நான். என்னை அழைக்க வந்த அத்தான், பைக்கை ஆஃப் செய்யாமல் கேட்டுக்கு மேலே பத்திரிகையை நீட்டிவிட்டுப் போய்விட்டார். வெற்றிலை பாக்கு கிடையாது, தாம்பாளம் கிடையாது, உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பால் பாக்கெட் போடுகிறவன் கூட இதைவிட மரியாதையாகப் போடுவான். எனக்கு வந்த ரோஷத்தில் போகவில்லை. மாமன் மடி இல்லாமல் என் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன் என்று அக்கா வந்தவர்களுக்குச் சாப்பாட்டைப் போட்டு அனுப்பிவிட்டாள். அவளுக்கு என்னைவிட ரோஷம். ஆவுடைக்கு இப்போது பத்து வயது. காது இன்னும் மூளியாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லியே கூப்பிடுகிறார்களாம். ஆனாலும் அந்தப் படியில் நான் ஏறவில்லை.

ஆணை இருபத்தொரு நாளுக்கு வந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு டைமண்ட் வந்து நின்றுவிடும். ஆணையை பிளாஸ்டிக் கவரில் போட்டு அதன் கழுத்தில் மாட்டி, நான் ஸ்டூலில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்துகொள்வேன். அது என் வலது காலாக வெளியே போகும். போன இடத்தில் ஆணையின் பின்பக்கம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அது போன வீட்டுக்கு நான் போனதாகவே அர்த்தம். வாங்க என்று சொல்லி உட்கார வைப்பார்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஒரு காலுக்கு இரண்டு வருகை கிடையாது. நாய் போகிற இடத்துக்கு ஆணைக் காலத்தில் ஆளும் போனால் ஆணை ரத்து. அதுவரை போனதெல்லாம் போகாததாகிவிடும்.

தொழில் எனக்கு ஓகோ என்று நடந்தது, சொன்னால் வெட்கக்கேடு. நான் காற்று வரும், தண்ணீர் வரும், பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு என்று தொண்டை வற்றப் பேசியும் போகாத மூன்று வீடுகள் ஒரே வாரத்தில் போய்விட்டன. டைமண்ட் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளுமாம். வந்தவர்கள் நிம்மதியாகச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுகிறார்களாம். "நீங்க அவ்வளவு பேசாம இருந்திருக்கலாம்" என்றாள் என் மனைவி உலகம்மை.

எட்டாம் நாள் சாயங்காலம் ஆணையின் பின்னால் அக்காவின் கையெழுத்து இருந்தது. கோணல் கையெழுத்து, பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதற்கு மேலே எழுதியிருந்தாள்: 'வந்தான். சாப்பிட்டான். ரசம் ரெண்டு தரம் கேட்டான். ரொம்ப மெலிஞ்சு போயிருக்கான்.'

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டைமண்ட் ஒன்றும் மெலிந்த நாய் இல்லை. அதை உலகம்மையிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, "ஒம்பது வருஷத்துல முதத் தடவையா அண்ணி எழுதிருக்காங்க. அதப் பாருங்க" என்றாள். ஆணையைத் திரும்ப வாங்கி மறுபடி வாசித்தேன். அன்றைக்கு ராச்சாப்பாட்டில் நானும் ரசம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் டைமண்ட் நாள் தவறாமல் அங்கே போனது. அக்காவும் நாள் தவறாமல் எழுதினாள். 'முதுகுல வெயில் பட்டுச் சூடா இருந்துச்சு, நிழல்ல போடான்னு சொன்னேன்.' 'ஆவுடைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தான், ரெண்டு தப்பு.' பதினாறாம் நாள் வேறு மாதிரி எழுதியிருந்தாள்: 'ஞாயித்துக்கெழம காது குத்து. மடியை அனுப்பவும்.'

மடி காலில் சேருமா என்பது எனக்குத் தெரியவில்லை. கடிபட்டது கெண்டைக்கால். மடி அதற்கு மேலே இருக்கிறது. அதிகாரம் இல்லாத மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டால் குத்தியது செல்லாமல் போய்விடும். பிள்ளைக்கு வலித்ததுதான் மிச்சம். மறுபடி ஆட்டோ பிடித்தேன்.

தவசிக்கனி மேடம் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க எந்திரிச்சா மடி எங்க போவுது?"

நான் எழுந்து நின்று பார்த்தேன். மடி இல்லை.

"காலுக்குள்ளதானே போவுது? திரும்ப உக்காந்தா காலுலேருந்துதானே வருது? அப்ப அது காலுதான்" என்று சொல்லி, ஆணையில் 'மடி உட்பட' என்று சேர்த்து முத்திரை வைத்தார்.

"நானே போகக்கூடாதா மேடம்?"

"போலாம். ஆணை ரத்தாயிரும். எட்டாம் நாளுலேருந்து நீங்க போனது, சாப்பிட்டது எல்லாம் போச்சு. சம்மதமா?"

அந்த ரசம், அந்தக் கணக்கு, அந்த வெயில் எதையும் விட எனக்கு மனசில்லை. ஆணையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டைமண்டைக் குளிப்பாட்டி, பட்டு வேட்டியை மடித்து அதன் முதுகில் போட்டேன். ஒன்பது வருடம் முன்னால் வாங்கி பீரோவில் வைத்திருந்த கம்மலை ஒரு துணியில் முடிந்து கழுத்தில் கட்டினேன். அது தெருத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையாக வந்தது, அழுதேன். உலகம்மை நாற்காலியைக் கொண்டுவந்து தெற்கே பார்க்கப் போட்டாள். நான் புது வேட்டி கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தேன்.

பத்து இருபதுக்கு மடி கனத்தது. பத்து வயசுப் பிள்ளையின் கனம், லேசாக நெளிந்துகொண்டே இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. "பயப்படாதட்டி, மாமா இருக்கேம்லா" என்றேன். வலது காதுக்கு ஒரு தூக்கிப் போடல், அவ்வளவுதான். இடது காதுக்குப் பிள்ளை பொறுக்க மாட்டாமல் கடித்துவிட்டது. என் வலது கெண்டைக்காலில், ஆறிக்கொண்டிருந்த பழைய காயத்துக்குப் பக்கத்தில், ஏழு சின்னப் பல் பதிந்திருந்தது. ஓரமாக ஒரு பல் விழுந்த இடம் காலியாக இருந்தது. உலகம்மை குனிந்து பார்த்து, "ஆவுடைக்குக் கோரப்பல்லு விழுந்திருக்கு போல" என்றாள். நான் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன்.

மதியம் டைமண்ட் வந்தது. அதன் நாலு காலிலும் கீறல் கூட இல்லை. வேலையில் இருக்கும்போது அது என் கால் அல்லவா? ஆணையின் பின்னால் 'ரெண்டு காதும் குத்தியாச்சு' என்று அக்கா எழுதியிருந்தாள். எழுத்து ஒரு இடத்தில் தண்ணீர் பட்டுக் கலைந்திருந்தது.

இருபத்தொன்றாம் நாள் கழுத்துக் கவரைக் கழற்றிவிட்டு டைமண்டை அனுப்பிவிட்டோம். மறுநாள் ஒன்பது மணிக்கு வாசலுக்கு யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். மறுபடி எட்டிப் பார்த்தேன். உப்பு மண்டித் தெருவுக்கு நானே போகலாம். இப்போது அதைத் தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. ஆனால் என்னவென்று சொல்லிக்கொண்டு போவது? ஆணை இல்லாமல் எனக்குப் போகத் தெரியவில்லை. பத்து மணிக்குச் சட்டையை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் உலகம்மை.

"நிவாரண ஆபீசுக்கு. என்னைக் கடிச்சிருக்கால்லா?"

"பச்சப் புள்ள மேலயா மனு குடுக்கப் போறீங்க?"

"கடிபட்டவன் உரிமை அது" என்றேன். அவள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஆட்டோவுக்குச் சில்லறை எடுத்துவந்து கொடுத்தாள்.

தவசிக்கனி மேடம் பல் அடையாளத்தை ஸ்கேல் வைத்து அளந்தார். கடித்தவர் பெயர் ஆவுடை, உரிமையாளர் பெயர் சண்முகவடிவு என்று எழுதிக்கொண்டார். சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"பாக்கி எதுவும் இல்ல. அதனால கால் வேலை கிடையாது. கண்காணிப்பு மட்டும்தான். கடிச்சது நல்லாத் திங்குதா, தண்ணி குடிக்குதான்னு பத்து நாளைக்குப் பாத்து எழுதணும். நாய்னா அது வீட்டுலயே வச்சுப் பாப்போம். புள்ளைன்னா மாமன் வீட்டுல."

"உரிமையாளர்?"

"கூடவே இருக்கணும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆவுடை வந்து நின்றாள். கழுத்தில் பிளாஸ்டிக் கவர், காதில் நான் கொடுத்த கம்மல். பின்னால் அக்கா ஒரு கையில் துணிப்பையும் ஒரு கையில் பிள்ளையின் தடுப்பூசி அட்டையுமாக நின்றாள். தலை பாதி நரைத்துவிட்டது. அட்டையை வாங்கித் தேதிகளைச் சரிபார்த்தேன்.

"எல்லாம் போட்டிருக்கு. நீ மெலிஞ்சுதாம்ல போயிருக்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

கண்காணிப்பு நோட்டை நானே எழுதினேன். முதல் நாள்: தண்ணீர் இரண்டு தம்ளர். தோசை மூன்று, நாலாவது கேட்டாள். இரண்டாம் நாள்: என் முதுகில் ஏறினாள், வெறி எதுவும் இல்லை. நாலாம் நாள்: பள்ளிக்கூடத்தில் இப்போது ஆவுடை என்றே கூப்பிடுகிறார்கள் என்றாள். ஏழாம் நாள்: உரிமையாளருக்கும் உலகம்மைக்கும் புளிக்குழம்பில் வாக்குவாதம், இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். தினமும் அக்கா படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டாள். அத்தான் சாயங்காலங்களில் வந்து போனார். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

பத்தாம் நாள் சாயங்காலம் 'பிள்ளை ஆரோக்கியம், கண்காணிப்பு முடிந்தது' என்று எழுதி நோட்டை அக்காவிடம் நீட்டினேன். ஆவுடை துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அதை இரண்டு தரம் படித்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். பிறகு என் இடது கையை எடுத்து, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, நன்றாகப் பல் பதியக் கடித்தாள்.

"மணி என்னல?" என்றாள்.

"நாலே முக்கால்."

நிவாரண அலுவலகம் ஐந்தரை வரை திறந்திருக்கும். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.