ஐந்தாவது வாக்கியம்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஓரகத்திகள் இருவரும் எட்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் பாத்திரங்கள் பேசிக்கொண்டன.

காரணம் ஒரு கடிதம். மேற்பார்வை வேலைக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லி ஓட்டல் அனுப்பிய கடிதம் சின்னவள் கைக்கு வரவே இல்லை. தேதி போன பிறகு, பெரியவளின் துணிப்பெட்டிக்கு அடியில் அது பிரித்தபடி கிடந்தது சின்னவள் கண்ணில் பட்டது. சின்னவள் கேட்கவில்லை. கேட்டால் அந்த மகராசி வாய் கூசாமல் இல்லை என்பாள். நீராவி இஸ்திரி மெஷினில் கையைச் சுட்டுக்கொள்ளும்போதெல்லாம் சின்னவள் அவளை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

இப்போது அதே வேலை மறுபடி காலி. இந்த முறை ஆங்கிலப் பரீட்சை: செய்து முடித்த வேலைகளைப் பற்றி ஐந்து வாக்கியம், வெளியிலிருந்து வரும் வாத்தியாரம்மா, மேனேஜர் இருவர் முன்னாலும் சொல்ல வேண்டும். போட்டியில் இரண்டே பேர். பெரியவள் ஐந்தாவது வரை படித்தவள், சின்னவள் பன்னிரண்டு. "தம்பி பொண்டாட்டி உனக்குச் சொல்லிக் குடுக்கட்டும்" என்று பெரியவளின் புருஷன் உத்தரவு போட்டார். சின்னவள் உடனே சரி என்றாள். அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சலவை அடையாளச் சீட்டுகளின் பின்பக்கம் ஒவ்வொரு சொல்லாக எழுதி இஸ்திரி மேசையில் பரப்பினாள். பெரியவள் 'ஐ', 'ஷீட்ஸ்', 'வாஷ்ட்', 'ஹேவ்' என்று தமிழ் வரிசையிலேயே அடுக்கினாள்.

"இங்கிலீஷ்ல செஞ்சதை முன்னால சொல்லணும். நம்ம மாதிரி கடைசி வரைக்கும் மறைச்சு வைக்க முடியாது" என்றாள் சின்னவள்.

"சும்மா குத்திப் பேசாதே. சொல்லிக் குடு."

நான்கு வாக்கியம் யோக்கியமாகவே இருந்தன: விரிப்புகளைத் துவைத்திருக்கிறேன், துண்டுகளை மடித்திருக்கிறேன், இப்படி. ஐந்தாவதைச் சின்னவள் ஆத்திரத்தோடு எழுதினாள். "ஐ ஹேவ் ஹிடன் ஹெர் லெட்டர்." அவள் கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது அதன் பொருள்.

பெரியவள் அந்த வரிசையை நெடுநேரம் பார்த்தாள். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"தலையணை உறையெல்லாம் மாத்தியிருக்கேன்னு."

"ம்" என்று சொல்லிவிட்டு மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாள். சின்னவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மேனேஜர் காதுபட அவள் வாயாலேயே வரட்டும்.

பரீட்சை மேனேஜர் அறையில் நடந்தது. பெரியவள் முதலில் எழுந்தாள். நான்கு வாக்கியம் தடங்கல் இல்லாமல் வந்தன. ஐந்தாவதற்கு முன் சின்னவள் பக்கம் திரும்பி, அவள் கண்ணைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

சின்னவள் மேனேஜர் முகத்தைப் பார்த்தாள்.

வாத்தியாரம்மா மதிப்பெண் தாளின் ஐந்தாவது கட்டத்திலும் சரி போட்டாள். "வெரி குட். வரிசை, காலம் ரெண்டும் சரி."

மேனேஜர் சிரித்தார். "கடைசி வரி கதை மாதிரி இருக்கும்மா. நல்ல கற்பனை."

அடுத்து சின்னவள். வாயைத் திறந்தாள், சொற்கள் தலைகீழாக வந்தன. மூன்றாவது வாக்கியத்துக்கு மேல் எதுவுமே வரவில்லை. பன்னிரண்டாவது படித்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலை நடைவழியில் பெரியவளின் இடுப்பில் சலவைக்கூடத்துச் சாவிக்கொத்து புதிதாகத் தொங்கியது. சின்னவள் வழிமறித்தாள்.

"அர்த்தம் தெரிஞ்சேதான் சொன்னீங்களா அக்கா?"

"லெட்டர்னா லெட்டர்தானே. அது புரிய பன்னெண்டாவது படிக்கணுமா? ஹிடன்னா என்னன்னு மட்டும் வரவேற்பு மேசைப் பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டேன்."

"ஏன் ஒளிச்சீங்க?"

"நீ மேலே போயிட்டா எனக்கு உத்தரவு போடுவே. வீட்டுல மூத்தவ நான்." குரலில் துளி வருத்தமில்லை. "எட்டு மாசமா இதைக் கேக்கத்தானே காத்திருந்தே? நாலு பேர் முன்னால ஒப்புக்கிட்டேன். முழு மார்க்கும் போட்டாங்க."

சின்னவள் வழியை விட்டு விலகினாள்.

"ஈர விரிப்பு இறங்கியிருக்கு. மெஷினைப் போடு" என்றாள் மேற்பார்வையாளர்.