நாற்பதும் அறுபதும்

மொத்தச் சந்தையின் வாசலில் இருக்கும் எடை மேடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் எடைக்காரரை ஏமாற்றிய லாரி ஓட்டுநர் இதுவரை ஒருவரும் இல்லை என்று சொல்வார்கள். அதை முதலில் சொல்லி வைத்தவர் அவரேதான் என்றாலும் விஷயம் உண்மைதான். சரக்கோடு எடை போடும்போது தண்ணீர்த் தொட்டியை ரொப்பிக்கொண்டு வந்து, காலி வண்டியை எடை போடுவதற்கு முன் சத்தமில்லாமல் திறந்துவிடுவார்கள். பின்சக்கரத்தை மேடைக்கு நாலு விரற்கடை வெளியே நிறுத்துவார்கள். ஒருவன் இருக்கைக்குப் பின்னால் மாமனாரைப் படுக்கவைத்துப் போர்வை போர்த்திக் கொண்டுவந்தான். எடைக்காரர் தான் உட்காரும் கூண்டின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மாமாவை எழுப்பி கீழே இறங்கச் சொல்லுப்பா, புழுங்கப்போகுது," என்றார். போர்வைக்குள்ளிருந்து மாமனார் தும்மினார்.

இப்படி ஊர் எடையெல்லாம் பார்க்கிற மனிதருக்குத் தன் எடைதான் வாய்க்கவில்லை. நெட்டையான ஆள், ஆனால் அகலம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. சட்டை அவர்மீது மாட்டியிருக்காது, தொங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுநர்கள் வைத்த பெயர் கொடிக்கம்பம். "காத்து பலமா அடிக்குது, கொடிக்கம்பத்தை யாராவது பிடிச்சுக்கோங்கப்பா," என்று வரிசையில் நின்றுகொண்டே கத்துவார்கள். அவரும் சிரித்துவிடுவார்.

அந்த மேடையின் குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய லாரிகளுக்காகப் போட்ட மேடை அது. சில்லறை எடையெல்லாம் அதற்குக் கண்ணில் படாது. இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். தனியாக ஒரு ஆள் ஏறி நின்றால், ஐம்பதுக்குக் கீழே இருந்தால் எடை காட்டும் பலகையில் நாற்பது என்று எரியும், ஐம்பதைத் தொட்டுவிட்டால் அறுபது. எடைக்காரர் ஏறினால் எப்போதும் நாற்பதுதான்.

சிரித்துச் சமாளித்தாலும், அந்த ஐம்பது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்த எண். நாலு வருடத்துக்கு முன் மகள் பிறந்த அன்று மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் வேண்டும் என்றார்கள். அவருடைய வகையும் மனைவியின் வகையும் ஒன்றுதான். முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். ரத்த வங்கியில் எடைக் கருவியில் ஏற்றி நிறுத்தினார்கள். நாற்பத்தாறு. "ஐம்பது இருக்கணும் சார். ஓரமா நில்லுங்க," என்றார்கள். அவர் ஓரமாக நின்றார். யார் யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன நாலு பை ரத்தம் குளிர்பெட்டியிலிருந்து வந்து மனைவியைக் காப்பாற்றியது. மனைவி பிழைத்தாள், மகள் கொழுகொழுவென்று வளர்ந்தாள், வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சட்டையை அவிழ்க்கும்போது கண்ணாடியில் விலா எலும்பு தெரிந்தால் அவருக்கு அந்த ஓரம் ஞாபகம் வரும். நாலு பை வாங்கியிருக்கிறோம், நாமும் நாலு பை கொடுத்துவிட வேண்டும் என்று மனத்துக்குள் முடிந்து வைத்திருந்தார்.

சந்தைச் சங்கத்தின் கூடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்ததான முகாம் நடக்கும். பீப்பாய் என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டுநர் ஒருவர், பெயருக்கேற்ற ஆகிருதி, ஒரு முகாமையும் விடமாட்டார். ஒவ்வொரு முறையும் சான்றிதழை எடைக்காரரின் கூண்டு ஜன்னலில் நீட்டுவார்.

"பதினொண்ணாவது தடவை தம்பி. நீ எப்போ?"

"நான் மேடையில ஏறினா நாப்பதுதானே அண்ணே காட்டுது."

"அடச்சே, சாப்பிட்டா ஏறிட்டுப் போகுது. பேக்கரியில நாலு கிரீம் பன்னு, ராத்திரி எண்ணெயில பொரிச்சது ஒரு தட்டு. என்னைப் பாரு!" என்று பீப்பாய் வயிற்றைத் தட்டிக் காட்டினார். மத்தளம்போல் சத்தம் வந்தது.

எடைக்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். காலையில் கிரீம் பன், மதியம் கிரீம் பன், மாலையில் பொரித்தது. பதினைந்தாவது நாள் நெஞ்செரிச்சல், இருபதாவது நாள் வயிற்றுப்போக்கு, மூன்று நாள் படுக்கை. ஏறியதில் பாதி இறங்கிவிட்டது. மனிதர் விடவில்லை, எழுந்து மறுபடியும் பன்னைக் கையில் எடுத்தார். மிச்சமெல்லாம் ஒல்லியாகவே இருக்க, தொப்பை மட்டும் பந்துபோல் முன்னால் வந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்க்கும் மனைவி, அவருடைய கால்சட்டை இடுப்பைப் பிரித்துவிட்டுக்கொண்டே, "பாம்பு எலியை முழுங்கின மாதிரி இருக்கீங்க," என்றாள்.

முகாமுக்கு முதல் நாள், குளிரான ஒரு காலையில், மேடையில் ஏறி நின்றார். பலகை ஒரு கணம் யோசித்தது. அறுபது!

வரிசையில் நின்ற ஏழு லாரிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. பீப்பாய் அவரை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். எடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்குப் போன் போட்டார், அவள் கடையில் உள்ளவர்களுக்கெல்லாம் சொன்னாள். மறுநாள் பீப்பாயோடு முகாமுக்குப் போய் வரிசையில் முதலாவதாக நின்றார்.

அங்கே இருந்த நர்ஸம்மா நடுவயதுக்காரி, கறாரான ஆள், ஆனால் கண்ணில் சிரிப்பு இருந்தது. "பூட்ஸைக் கழட்டுங்க சார். அந்தத் தடி கோட்டையும். பாக்கெட்ல என்ன?"

இரும்பு முனை வைத்த வேலைப் பூட்ஸ் இறங்கியது. கோட்டு இறங்கியது. கோட்டுப் பையிலிருந்து டார்ச், சாவிக்கொத்து, அளவு நாடா. கருவியில் ஏறினார். நாற்பத்தேழு புள்ளி எட்டு.

எடைக்காரர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு வருடமாக ஒவ்வொரு லாரிக்கும் காலி வண்டி எடையைக் கழித்துக் கொடுக்கிறவர், தன் பூட்ஸைக் கழிக்க மறந்திருக்கிறார்! விஷயம் புரிந்ததும் பீப்பாய் சிரித்த சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. எடைக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாலு வருடத்துக்கு முன் நின்ற அதே ஓரத்தில் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. இறங்கிப் பூட்ஸை மாட்டிக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்க மறுபடியும் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

நர்ஸம்மா அதைக் கவனித்துவிட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்ன விஷயம், சொல்லுங்க," என்றாள். அவர் சொன்னார். நாலு பையையும் சொன்னார், கிரீம் பன்னையும் சொன்னார்.

"பன்னா! ஏன் சார், உங்களுக்கு வேணுங்கிறது தொப்பையா, உடம்பா? உங்ககிட்ட எடுக்கிறதும் ஒரு பைதான், இந்த அண்ணன்கிட்ட எடுக்கிறதும் ஒரு பைதான். ஒல்லியா இருந்தா தாங்காது, மயங்கி விழுந்துடுவீங்க. அதுக்குத்தான் அந்த ஐம்பது. உங்களைக் காப்பாத்தத்தான், விரட்ட இல்ல."

விரட்ட இல்லை என்ற வார்த்தை அவருக்கு ஏதோ செய்தது. இத்தனை நாள் அந்த எண் தன்னைப் பிடித்து வெளியே தள்ளுகிறது என்றுதான் நினைத்திருந்தார்.

முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். சர்க்கரை, தைராய்டு, வயிற்றில் பூச்சி என்று எதுவும் இல்லை, உடம்பு வாகே அப்படித்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நர்ஸம்மா சாப்பாட்டுக் கதைக்கு வந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டாள். வருகிற ஓட்டுநர்களெல்லாம் வாங்கிக் கொடுப்பதில் பத்து, பன்னிரண்டு ஆகும் என்றார். "அங்கேதான் இருக்கு. பசி எடுக்கிறப்பெல்லாம் டீயை ஊத்தி அதைச் சாகடிக்கிறீங்க," என்று தலையில் அடித்துக்கொண்டாள். டீ இரண்டு போதும், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் கூடாது. மூன்று வேளை மூக்குப்பிடிக்கத் தின்ன வேண்டாம், அஞ்சு வேளை அளவாகச் சாப்பிடுங்கள். முட்டை, பால், பயறு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, வாழைப்பழம். எதையாவது தூக்கி இறக்கிப் பழகுங்கள், சாப்பிடுவது தொப்பைக்குப் போகாமல் தோளுக்குப் போகட்டும். நேரத்தோடு தூங்குங்கள். "மாசத்துக்கு அரைக் கிலோ ஏறினாலே பெரிசு. அவசரப்படக் கூடாது."

தூக்குவதற்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேடை சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காகக் கூண்டுக்குப் பின்னால் அஞ்சு கிலோ முதல் இருபது கிலோ வரை இரும்புக் கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். முதல் நாள் இருபது கிலோவில் ஒன்றைப் பிடித்து இழுத்தார். கட்டி அசையவில்லை, முதுகுதான் முறுக்கென்றது. நர்ஸம்மாவிடம் போன் செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அஞ்சு கிலோக் கட்டியில் ஆரம்பித்தார். இரண்டாவது மாதம் பத்து கிலோ. நாலாவது மாதக் கடைசியில் இருபது கிலோக் கட்டி முழங்கால்வரை வந்தது.

வீட்டில் மேற்பார்வை மகள் கைக்குப் போயிற்று. நாலு வயதுக்கு அத்தனை அதிகாரம் யாருக்கும் கிடைத்திருக்காது. அப்பா நாலு பை ரத்தம் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒரு கிண்ணத்தில் வேர்க்கடலையைக் கொட்டிக்கொண்டு எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள்.

"அப்பா, வாயைத் திற."

"போதும்டா கண்ணு."

"மென்னுட்டியா? ஆ காட்டு."

அவர் ஆ காட்டுவார். அவள் எட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகே அடுத்தது. மனைவி தையல் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி அடுப்படியிலிருந்து பார்ப்பாள். சனிக்கிழமைதோறும் அவர் புஜத்தை அளப்பது அவள் வேலை. அரை விரற்கடை கூடியிருந்தால் அன்று வீட்டில் பாட்டு கேட்கும்.

ஒரு சனிக்கிழமை அளவு கூடவேயில்லை. இருமல் வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் முகம் தொங்கிப்போயிற்று. மனைவி நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்காகத்தான் இந்தப் பாடுன்னா விட்டுடுங்க. அன்னிக்கு ரத்தம் குடுக்க முடியலேன்னா என்ன? விடிய விடிய என் காலைத் தேய்ச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தது யாரு? எனக்கு எல்லாம் தெரியும்."

"உனக்காக இல்லை," என்றார் அவர். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது. "வேற எவனோ ஒருத்தன் இப்போ அந்த ஓரத்துல நின்னுக்கிட்டிருப்பான். அவனுக்காக."

அவள் எழுந்துபோய் இரண்டு முட்டையை வேகப் போட்டாள்.

அடுத்த முகாமுக்கு அவர் போகவில்லை. மருந்துக்கடை எடைக் கருவியில் நாற்பத்தொன்பதில்தான் நின்றிருந்தது. அதற்கும் அடுத்த முகாமன்று நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, கோட்டைக் கூண்டிலேயே மாட்டிவிட்டுப் போனார். பூட்ஸை வாசலிலேயே கழற்றினார். நர்ஸம்மா, "வாங்க எடைக்காரரே," என்று கருவியைக் காட்டினாள். ஏறினார். ஐம்பது புள்ளி மூன்று.

பீப்பாய் விசிலடித்தார். நர்ஸம்மா பேனாவை எடுத்தாள். எடைக்காரர் இறங்காமல் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க சிஸ்டர். கால்சட்டைப் பையில சாவிக்கொத்து இருக்கு."

"அட விடு தம்பி, சாவியெல்லாம் ஒரு எடையா!" என்று பீப்பாய் பதறினார்.

எடைக்காரர் விடவில்லை. மாமனாரைப் போர்வைக்குள்ளிருந்து இறக்கிய மனிதர் சாவியை மட்டும் எப்படி விடுவார்? கொத்தை எடுத்துப் பீப்பாய் கையில் கொடுத்தார். இறங்கினார். கருவி பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தார். மறுபடியும் ஏறினார். இப்போது ஐம்பதுக்குக் கீழே போனால் இன்னும் மூன்று மாதம்.

ஐம்பது புள்ளி ஒன்று.

"எத்தனையோ பேர் எடையைக் கூட்டிக் காட்டப் பார்ப்பாங்க. குறைச்சுக் காட்டுன்னு கேட்ட ஆள் நீங்கதான்," என்று நர்ஸம்மா சிரித்தாள். விரலில் குத்திச் சோதித்த ரத்தமும் நன்றாக இருந்தது.

படுத்துக்கொண்டு பார்த்தார். குழாய் வழியாகப் போன ரத்தம் ஒரு சின்னத் தட்டில் கிடந்த பையில் சேர்ந்தது. அந்தத் தட்டு தொட்டில்போல் ஆடிக்கொண்டே எடை போட்டது, ஒவ்வொரு கிராமாக. இருபது கிலோவுக்குக் குறைந்ததைக் கண்ணெடுத்தும் பாராத மேடையோடு காலம் தள்ளியவருக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. எண் ஏற ஏற, நாலு வருடமாக நெஞ்சில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பை நிறைந்ததும் தட்டு மணியடித்தது. அவர் அழுதார். வலிக்கிறதா என்று நர்ஸம்மா கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார்.

பழரசம் குடித்து, அவர்கள் சொன்ன நேரம்வரை உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தபோது மேடையைச் சுற்றி ஓட்டுநர் கூட்டம் கூடியிருந்தது. மனைவியும் மகளும் கடையிலிருந்து நேராக வந்திருந்தார்கள்.

"ஏறு தம்பி! அறுபதைக் கண்ணால பார்க்கணும்!"

பூட்ஸைக் கழற்றிவிட்டு மேடையின் நடுவில் போய் நின்றார். பலகை யோசித்தது. நாற்பது.

"என்னய்யா இது!" என்று கூட்டம் முனகியது. கொடுத்துவிட்டு வந்தது குறைந்திருக்கிறது என்று உறைக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தனை வருடமாகத் தன்னை அழ வைத்த அந்த நாற்பதைப் பார்த்து எடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"யாருக்குப் போகும் அது?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியாது."

"எனக்குக் குடுத்தவங்களுக்கும் தெரியாதுல்ல," என்றாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

பலகை மாறியது. நூற்றிருபது.

எடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நாலு பேர் அன்றைக்குக் கையை நீட்டாமல் போயிருந்தால், இன்று இந்தப் பலகை நாற்பதிலேயே நின்றிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வெங்காய லாரி ஒன்று வந்து பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. பீப்பாய் அதன் முன்னால் போய்க் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

மகள் மட்டும் பலகையைப் பார்க்கவில்லை. கவுன் பையில் கையை விட்டு ஒரு வேர்க்கடலையை எடுத்தாள்.

"அப்பா, ஆ காட்டு. இன்னும் மூணு பை இருக்கு."