மைக்கும் கோடாலிக்காரனும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தோல்வியையே தோற்கடிக்கக் கற்றுக்கொடுத்த மாமனிதர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், தம் வீட்டு சோபாவில் அமர்ந்தபடியே கோடாலியால் வெட்டுண்டு மாண்டார். மாண்டவர் உடனே எழுந்து மறுபடியும் மாண்டார்.

அவருக்குப் பட்டப்பெயர் மைக். கம்பெனி கம்பெனியாகப் போய், ‘விழுந்தால் எழு’ என்று முழங்குவது தொழில். அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை. தோற்க வாய்ப்புள்ள எந்தக் காரியத்திலும் அவர் இறங்கியதும் இல்லை.

பரீட்சை நெருங்கியும் மகள் வீடியோ கேமே கதி என்று கிடக்க, மைக் தொண்டையைச் செருமினார். மகள் கன்ட்ரோலரை நீட்டினாள்.

“பேச்சு எதுக்குப்பா? கோட்டை வாசல்ல நிக்கிற கோடாலிக்காரனை அடிச்சுடுங்க. நானே இதை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டுப் படிக்கிறேன். முடியலைன்னா, இனிமே சாப்பிடுறப்போ சொற்பொழிவு கிடையாது. சரியா?”

“பூ, இவ்வளவுதானா?” என்று கால்மேல் கால் போட்டார். போட்ட காலை எடுப்பதற்குள் தலை போயிற்று.

“பட்டன் சரியில்ல.”

“ஆமாப்பா, பட்டன்தான்.”

“டிவி லேட்டா காட்டுது.”

“மேடையில வேற மாதிரி சொல்வீங்களே?”

மைக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மீண்டும் ஓடினார், செத்தார். பாய்ந்தார், செத்தார். எத்தனையோ மேடைகளில் பொன்னாடை வாங்கிய மனிதரை இதுவரை யாரும் இவ்வளவு நேர்மையாக நடத்தியதில்லை. அப்போதுதான் கவனித்தார்: கோடாலியை ஓங்குமுன் அந்தத் தடியன் வலது தோளைச் சற்றே குலுக்குகிறான்! அந்தக் கணம் உருண்டால் தப்பலாம்; எழுந்ததும் ஒரே ஒரு குத்து குத்தலாம். இரண்டாவது குத்துக்கு ஆசைப்பட்டால் சங்குதான்.

ஆசைப்பட்டார். சங்கு.

ஆனால் தப்பு யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது. அதுதான் ஆளைப் பிடித்து இழுத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபா நுனிக்கு வந்தார். துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“தோள் குலுக்குறான்! உருளுங்க!”

“தெரியும்டி!”

“இப்போ குத்துங்க! போதும், போதும், பேராசை வேணாம்!”

தோள், உருளல், குத்து. தோள், உருளல், குத்து. அவருக்கு உயிர் நூலிழையில் தொங்குகிறது, அவனுக்கும் அப்படியே. தோள்! மைக் சோபாவோடு சேர்ந்து சாய்ந்தார். ஒரு குத்து. மலை சரிந்த மாதிரி கோடாலிக்காரன் சரிந்தான். மூவரும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மனைவியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினார். திரையில் கதவு திறந்து, உள்ளிருட்டில் இரண்டு கண்கள் ஜொலித்தன.

மகள் வயரைப் பிடுங்கினாள்.

“ஏய்! உள்ள இன்னொருத்தன் இருக்கான்!”

“பேச்சுன்னா பேச்சுதான்ப்பா.” கேம் பெட்டி பரண் ஏறியது. மகள் புத்தகத்தோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, ‘விழுந்தால் எழு’ கூட்டத்துக்குக் கிளம்பவேண்டிய நேரத்தில், மைக் பரணை எட்ட ஸ்டூல்மேல் ஏறி விழுந்தார்.

இடது கால் எலும்பு முறிந்தது. கைகள் நலம்.