கிழக்கு வரிசைக்கு எவ்வளவு சூடு

சர்வரின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் சினாரா தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து புது டிஸ்க் வரவழைத்தாள். அவள் இருந்தது கிர்கிஸ்தானில் நாரின் நகரத்துப் பக்கத்துச் சின்ன ஊர். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளைச் சூடாக்கக் குழாய் வழியாக வெந்நீர் அனுப்பும் கொதிகலன் நிலையத்தில் அவள்தான் கணினிப் பொறியாளர். எந்தக் குழாயில் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று பம்புகளுக்குச் சொல்வது அந்த ஒரே சர்வர். வெளியே இமை மயிர் உறையும் ஜனவரிக் குளிர்.

பழைய டிஸ்க்கைப் புதியதில் நகலெடுத்து முடிக்கும் வரை சர்வரை நிறுத்தியாக வேண்டும். அதுவரை பம்புகளைக் கையால் ஓட்ட வேண்டியவன் ஷிப்ட் தலைவன் தாலாய்பெக். சினாராவின் முன்னாள் கணவன். பிரிந்த பிறகும் அந்த ஊரில் இருவருக்கும் வேறு வேலை கிடைக்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான் அவன்.

"மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். டிஸ்க் ஒத்துழைச்சா."

"ஒத்துழைக்கலைன்னா?"

"வால்வு திருப்பிக்கிட்டே இரு. உடம்புக்கு நல்லது."

இரண்டு டிஸ்க்கையும் இன்னொரு கணினியில் மாட்டினாள். ஒன்றில் 'பழசு', மற்றதில் 'புதுசு' என்று காகிதம் ஒட்டினாள். நகலெடுக்கும் திசை மாறினால் வெற்று டிஸ்க் பழையதன் மேல் ஏறி எல்லாவற்றையும் துடைத்துவிடும். இரண்டு தடவை சரிபார்த்துத்தான் தொடங்கினாள்.

பாதிக்கு மேல் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் கூடியது. தாலாய்பெக் எண்ணெய்க் கையோடு வாசலில் வந்து நின்றான்.

"கிழக்கு வரிசைக் கட்டடங்கள்ல அழுத்தம் ஏறி இறங்குது. இன்னும் ரொம்ப நேரம் கையால முடியாது."

"ஒரு இடத்தைப் படிக்க முடியாம முட்டிக்கிட்டு நிக்குது. இப்படியே விட்டா டிஸ்க்கே செத்துரும். அந்த இடத்தை விட்டுட்டு மேல போகவா?"

"அதுல என்ன இருக்கு?"

"தெரிஞ்சா உன்னைக் கேட்பேனா?"

"நீயே முடிவு பண்ணு. எப்பவும் நீதானே பண்ணுவே."

அவள் அந்த இடத்தைத் தாண்டிப் போகும்படி கட்டளை கொடுத்தாள்.

புது டிஸ்க்கில் சர்வர் எழுந்தது. கிழக்கு வரிசைக் கட்டடங்களுக்கான சூடு, அழுத்த அளவுகள் மட்டும் அதில் இல்லை.

"வேற நகல் இல்லையா?"

"இருந்துச்சு. அதே டிஸ்க்லதான்."

"சாவியை உள்ள வச்சே பூட்டிட்டு..."

"அதை நானே சொல்லித் திட்டிக்கிட்டேன். நீ வேற ஆரம்பிக்காதே."

அளவுகளைப் புதிதாகக் கண்டுபிடிப்பதைத் தவிர வழியில்லை. பம்புகளை உதவியாளிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் அவன் நிலவறைக்குள் இறங்கி வால்வைத் திருப்புவான். அவள் வீடு வீடாக ஏறி வெப்பமானி வைத்துப் பார்த்து, கூட்டு, குறை என்று போனில் சொல்வாள்; சரியானதும் அந்த அளவைக் குறித்துக்கொள்வாள்.

கடைசிக் கட்டடத்தில்தான் அவர்கள் முன்பு குடியிருந்தார்கள். பழைய பக்கத்து வீட்டுக்காரி சைராகுல் ஆட்டுத்தோல் கோட்டோடு கதவைத் திறந்தாள். மேலே வந்த தாலாய்பெக்கையும் சேர்த்து உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினாள்.

"சேர்ந்துட்டீங்களா ரெண்டு பேரும்?"

"குழாய்ல சூடு வருதான்னு பார்க்க வந்தோம், அக்கா," என்றாள் சினாரா.

"நானும் அதைத்தானே கேட்டேன்."

தாலாய்பெக்குக்குத் தேநீர் புரையேறியது. சினாரா முகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு வெப்பமானியையே பார்த்தாள். படியிறங்கும்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான்.

நிலைய நிர்வாகி மறுநாள் அவளை அழைத்து, நகலை அதே டிஸ்க்கில் வைத்ததற்காகக் கண்டித்தார். அவள் மறுக்கவில்லை. புதிய அளவுகளைச் சர்வரில் ஏற்றி, ஒரு நகலை இன்னொரு கணினியிலும் வைத்தாள். மேலும் ஒரு நகலைப் பென்டிரைவில் போட்டுத் தாலாய்பெக்கிடம் நீட்டினாள்.

"உன் வீட்டுல வை. எல்லாம் ஒரே இடத்துல இருக்கக் கூடாது."

அவன் அதைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.