கட்டைவிரல் அளவு நீலப் புத்தகம்

காலை ஒன்பதுக்குள் நானூறு சல்தேனியா மடித்தாக வேண்டும். உள்ளங்கையில் மாவு வட்டம், அதில் ஒரு கரண்டி கறியும் உருளைக்கிழங்கும் உறைந்த குழம்பும், மேலே விளிம்பைச் சேர்த்துச் சடை பின்னுவதுபோல் ஒரு மடிப்பு. மடிப்பு தளர்ந்தால் அடுப்பில் குழம்பு உருகி ஓடிவிடும். வாங்குகிறவனுக்கு வெறும் ஓடுதான் மிஞ்சும். சபினோ மடித்ததில் ஒன்றுகூட ஒழுகியதில்லை. பன்னிரண்டு வருஷம் இதே கட்டிடத்தின் மாடியில் ஜீன்ஸ் மூட்டிய விரல்கள் அவை.

ஒவ்வொரு தட்டு நிறைந்ததும் இடது கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டார். மாவு மூட்டை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் பிப்ரவரி ஒன்பதாம் தேதி அறுத்துத் தைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அப்புறம் இரண்டு மாதம் எதையும் தூக்கக்கூடாது. சர்க்கார் கொடுத்த நீல நிற வேலைப் புத்தகத்தில், சேர்ந்த தேதியோடு முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தால் படுத்துக்கிடக்கிற நாளுக்கும் கூலி வரும். போடாவிட்டால் கூலியும் கிடையாது, திரும்பி வரும்போது வேலையும் கிடையாது. மூன்று தடவை கேட்டாயிற்று.

"முதலாளி பேனாவுல மை தீந்துபோச்சு போல" என்றாள் பக்கத்தில் கிழங்கு நறுக்கிய பசிலியா.

பொலிவியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் துணி தைத்த பிராஸ் பேட்டையே மாறிப்போயிருந்தது. மெஷின் ஓடிய அறைகளில் இப்போது கொரியாக்காரன் கோழி வறுக்கிறான், சிரியாக்காரன் ரொட்டி சுடுகிறான், விளக்கு மாலை தொங்கவிட்டு யாரோ பீர் விற்கிறார்கள். முதலாளி தோன் ரெமிஹியோவும் தையல் மெஷின்களை விற்றுவிட்டுக் கீழே கடை திறந்தார். பலகையில் 'பொலிவியாவின் ருசி', சுவரில் லாமா மிருகத்தின் படம். பலகையில் ஊர்ப்பேரை எழுதுகிறவன் புத்தகத்தில் ஊர்க்காரன் பேரை எழுதமாட்டான் என்று சபினோ அன்றைக்கே நினைத்தார். ஆனாலும் ஊர்க்காரர்களின் பொம்மைத் திருவிழாவுக்கு முதல் நாள் நான்காவது தடவையாகக் கேட்டார்.

"நாளைக்கு நல்ல நாள் அண்ணே. நாளைக்கே போட்டுருவோம்" என்றார் தோன் ரெமிஹியோ.

ஜனவரி இருபத்துநாலு, உச்சி மணி பன்னிரண்டு. அந்த நேரத்தில் எது வேண்டுமோ அதைப் பொம்மை அளவில் வாங்கிப் புகை காட்டிக்கொண்டால் வருஷத்துக்குள் நிஜமாகக் கைக்கு வரும். வீடு வேண்டியவன் தீப்பெட்டி அளவு வீடு வாங்குவான். லாரி வேண்டியவன் விரல் நீள லாரி. அடுத்தவர் வாங்கிக் கொடுத்தால் பலன் இன்னும் உறுதி. சதுக்கத்தில் நிற்க இடமில்லை. கவுன்சிலர் வந்திருந்தார், டிவிக்காரன் வந்திருந்தான். பந்தல் செலவு தோன் ரெமிஹியோவுடையது. சபினோ தன் வேலைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தோன் ரெமிஹியோ அவர் தோளில் கை போட்டு, மைக்கில், "இவருதான் என் கடையோட கை. எனக்கு அண்ணன் மாதிரி" என்றார். சபினோ சட்டைக்குள் கை விட்டார். முதலாளி அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்து, விரித்து, கட்டைவிரல் அளவு நீலப் புத்தகம் ஒன்றை வைத்தார். வேலைப் புத்தகத்தின் பொம்மை. அட்டையில் முத்திரைகூட அச்சாக இருந்தது. மணி அடித்தது. அதன் முதல் பக்கத்தைப் பிரித்துப் பேனாவால் முழுக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் கைதட்டியது. பூசாரி சாம்பிராணி காட்டி, ஒயினைத் தெளித்து, வண்ணத்தாள் துணுக்குகளைத் தலையில் தூவினார். டிவிக்காரன் இன்னொரு தடவை கைகுலுக்கச் சொன்னான்.

இறங்கியதும் பசிலியா கேட்டாள்: "புத்தகம் வந்தாச்சு. குட்டி ஆஸ்பத்திரி ஒண்ணும் வாங்கித் தந்தாரா?"

"சிரிப்புக் காட்டாத. சிரிச்சா இழுக்குது."

மறுநாள் பெரிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை.

"அதான் ஊரறியப் போட்டாச்சே அண்ணே."

"அது பொம்மைங்க."

"பொம்மையா? நம்ம வழக்கத்தை நீங்களே இப்படிப் பேசலாமா? அதை நம்பி ஒரு வருஷம் பொறுக்கணும். அவசரப்பட்டா பலன் போயிரும்."

சபினோ புத்தகத்தை எடுத்து உறையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கும் நானூறு மடித்தார். கடையில் கூட்டம் அதிகம். டிவியில் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஆறு நாள் இருக்கும்போது தொழிலாளர் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பசிலியா மேலங்கியைக் கழற்றிவிட்டு முன்பக்கம் போய், சாப்பிட வந்தவள்போல் மேஜையில் உட்கார்ந்தாள். சபினோவுக்கு முழங்கை வரை மாவு. முதலாளி அவரை மாவு அறைக்குள் தள்ளினார்.

"புத்தகத்துல ஏறாத ஆளைப் பார்த்தாங்கன்னா கடைக்குப் பூட்டு அண்ணே. அப்புறம் கையெழுத்துப் போட நான் ஏது, போட்டுக்க நீங்க ஏது?"

கதவைச் சாத்தினார். சுவிட்சு வெளியே இருந்தது. அதையும் அணைத்தார்.

சபினோ மூட்டைமேல் உட்கார்ந்தார். இருமல் வந்தது; வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விழுங்கினார். சுவருக்கு அப்பால் தட்டு நகரும் சத்தம்.

"நல்லா இருக்கே" என்றது அதிகாரிப் பெண்ணின் குரல். "ஒரு சொட்டு ஒழுகல. இதெல்லாம் யாரு மடிக்கிறது?"

"நானும் என் சம்சாரமும்தாங்க" என்றார் தோன் ரெமிஹியோ.

சபினோ சட்டைப்பைக்குள் தடவி அந்தக் குட்டிப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தைத் தேடினார். திருவிழா ஒயின் காய்ந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இருட்டில் நகத்தால் நெம்பினார். திறக்கவில்லை. வெளியே இன்னொரு தட்டு வைத்தார்கள்.